60 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி: வேலை நேரக் கணக்கு நோட்டிலா, மெஷினிலா?

ஓவர்லாக்
வணக்கம். திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். கட்டிங், பவர் டேபிள் (தையல் மெஷின் வரிசை), செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 60 பேர். 22 பேர் ஒடிசா, பீகார் பக்கத்திலிருந்து வந்தவர்கள், மற்றவர்கள் சுற்று வட்டாரம். காலை 8.30 முதல் மாலை 5.30 வரை ஒரு ஷிப்ட், நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். அவசர ஆர்டர் வந்தால் இரவு 9 மணி வரை ஓடும், அதற்கு அரை ஷிப்ட் கூலி. சனிக்கிழமை சம்பளம்.

இதுவரை எல்லாம் நோட்டுக் கணக்குதான். காலையில் வந்தவருக்கு சூப்பர்வைசர் ஒரு கோடு போடுவார். இரவு நின்றால் அதன் குறுக்கே இன்னொரு கோடு. போன சனிக்கிழமை கவர் கொடுக்கும்போது பேட்லாக் தையல் மெஷின் ஓட்டும் அம்மா ஒருவர், "புதன்கிழமை ராத்திரி நின்னேனுங்க, அரை ஷிப்ட் வரலை" என்றார். நோட்டில் கோடு இல்லை. விசாரித்தால், புதன் மாலை சூப்பர்வைசர் சீக்கிரம் கிளம்பிவிட்டார், வியாழன் காலையில் ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறார். உடனே பணத்தைக் கொடுத்தேன். அடுத்து மூன்று பேர் வந்து அதையே சொன்னார்கள். அவர்களுக்கும் கொடுத்தேன். அவர்கள் நின்றார்களா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பணம் பெரிதில்லை. எட்டு வருடமாக என்னிடம் வேலை செய்யும் அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கவரை வாங்கிக்கொண்டு போனார். அதிலிருந்து மனசு சரியில்லை.

விரல் ரேகை மெஷின் விற்பவரைக் கூப்பிட்டுப் பேசினேன். 14,000 ரூபாய் சொல்கிறார். "பத்து நிமிஷம் லேட்டா வந்தா அரை மணி நேரம் தானா கட் ஆகிற மாதிரி செட் பண்ணித் தரேன்" என்றும் சொன்னார். அது எனக்கு உறுத்துகிறது. வைத்திருப்பவர்கள், அதில் கை வைத்து வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு தரப்பும் சொல்லுங்கள்.

டைம்கீப்பர்_ஈரோடு
பதினோரு வருடம் டைம் ஆபீஸில் இருக்கிறேன், முதலில் ஒரு நூல் மில், இப்போது பிராசஸிங். மெஷின் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் வாங்கிய அன்றோடு சண்டை தீரும் என்று நினைக்காதீர்கள். சண்டை வேறு இடத்துக்குப் போகும்.

முதல் சிக்கல் விரல். அயர்ன் பாக்ஸ் பிடிப்பவர், சாயத்தில் கை வைப்பவர், கத்தரி பிடித்துப் பிடித்துத் தோல் தேய்ந்தவர், வயதானவர் என்று இவர்களுடைய ரேகையை மெஷின் சுலபத்தில் எடுக்காது. எங்கள் கேட்டில் தினமும் பார்க்கிறேன். ஒரு அயர்னிங் மாஸ்டர் விரலை நெற்றியில் தேய்ப்பார், வைப்பார். எடுக்காது. தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைப்பார். எடுக்காது. வேட்டி நுனியில் துடைத்து மறுபடி வைப்பார். பின்னால் இருபது பேர் நிற்பார்கள். நாலாவது தடவை 'நன்றி' என்று மெஷின் பேசும்போது மணி 8.33. அவர் 8.24-க்கே கேட்டுக்குள் வந்துவிட்டார். அந்த மூன்று நிமிடத்துக்கு யார் பொறுப்பு? முகம் பார்க்கும் மெஷின் விலை கூட, ஆனால் உங்கள் தொழிலுக்கு அதுதான் சரி. இல்லையென்றால் கார்டு.

இரண்டாவது கடிகாரம். மெஷினுக்குள் இருக்கும் கடிகாரம் நெட் இணைப்பு இல்லாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். எங்களிடம் இரண்டு கேட், இரண்டு மெஷின். ஒரு கட்டத்தில் இரண்டுக்கும் ஆறு நிமிட வித்தியாசம். வடக்குக் கேட்டில் வந்தவர் எல்லாம் லேட், தெற்குக் கேட்டில் வந்தவர் எல்லாம் நேரத்துக்கு வந்தவர். ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். அதற்குள் பிடித்த காசை, நான் மேலே எழுதிக் கொடுத்த பிறகு திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்புறம், லேட் கட் செட்டிங். அதைத் தொடாதீர்கள். காரணத்தைச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

உழைப்பவன்
தொழிற்சங்க வேலை பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். வராத நேரத்துக்குக் கூலி பிடிக்கலாம், ஆனால் வராத நேரத்தின் அளவுக்கு மட்டும்தான். 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடா சட்டத்தின் 9-ஆவது பிரிவு சொன்னது அதுதான். 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே கொள்கை இருக்கிறது. ஷிப்ட் கூலி 480 ரூபாய் என்று வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 480, மணிக்கு 60, நிமிடத்துக்கு ஒரு ரூபாய். பத்து நிமிடம் தாமதம் என்றால் பத்து ரூபாய். மெஷின் விற்பவர் சொல்கிற மாதிரி அரை மணி நேரத்தை வெட்டினால் முப்பது ரூபாய். மிச்சம் இருபது ரூபாய் உழைத்தவருடைய காசு. அதைப் பிடிப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கணக்கின் அலகே ஷிப்ட். முழு ஷிப்ட், அரை ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட். திருப்பூர் முழுக்க அப்படித்தான் பேசுகிறோம், நானும் அப்படித்தான் பேசி வளர்ந்தேன். ஆனால் சட்டத்தின் அலகு மணி. ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி என்றால் வாரம் 48 மணி முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் இரட்டைக் கூலி. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு சொன்னது அது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலிதான்.

5.30 முதல் 9 வரை, நடுவில் டீக்கு அரை மணி போக, மூன்று மணி நேர வேலை. அதே 480 கணக்கில் அரை ஷிப்ட் 240 ரூபாய். சட்டப்படி மூன்று மணிக்கு, மணிக்கு 120 வீதம் 360. ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 120 ரூபாய் குறைகிறது. நோட்டில் குறுக்குக் கோடு மட்டும் இருக்கும்வரை இந்த 120 யார் கண்ணுக்கும் தெரியாது. மணிக்கணக்கு எழுத ஆரம்பித்தால் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

ஓவர்லாக்
கோபம் இல்லைங்க. கணக்கு புரிகிறது. பையர் விலை பேசும்போது பீஸுக்கு இத்தனை பைசா என்று அடித்துப் பேசுகிறார், அதில் இரவு வேலைக்கு இரட்டைக் கூலி என்று ஒரு வரி கிடையாது. இதை நியாயம் என்று சொல்லவில்லை, நிலைமையைச் சொல்கிறேன். யோசிக்கிறேன்.

காஜா_பட்டன்
பீஸ் ரேட்டுக்கு மாறிவிடுங்கள் அண்ணா. எத்தனை பீஸ் தைத்தார்களோ அதற்குக் காசு. எப்போது வந்தார், எப்போது போனார் என்று யார் பார்ப்பது?

தையல்காரி
பார்க்கத்தான் வேணும் தம்பி. நான் பதினாலு வருஷமாக ஓவர்லாக், பேட்லாக் இரண்டும் ஓட்டுகிறேன். ஐந்து வருஷம் பீஸ் ரேட்டில் இருந்தேன், அதனால் சொல்கிறேன்.

காலையில் 8.30-க்கு மெஷினில் உட்காருவோம். கட்டிங்கிலிருந்து பண்டல் வராது. துணி டையிங்கிலிருந்து வரவில்லை என்பார்கள், ரிப் வரவில்லை என்பார்கள், நூல் கலர் சேரவில்லை என்பார்கள். பதினோரு மணி வரை நூலைக் கோத்து வைத்துக்கொண்டு மெஷினைத் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருப்போம். பண்டல் வந்ததும் இன்றைக்கே முடியணும் என்பார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் கிளம்புவோம். பீஸ் கணக்கில் பார்த்தால் ஒரு நாள் வேலைதான் நடந்திருக்கும். என் வீட்டுக் கணக்கில் பன்னிரண்டரை மணி நேரம் போயிருக்கும். பிள்ளை தூங்கிப்போயிருக்கும். அந்தக் காத்திருந்த நேரம் யாருடைய கணக்கு? நேரம் எழுதாத இடத்தில் அது எப்பவும் எங்கள் கணக்கில்தான் சேரும்.

ஓவர்லாக் அண்ணா, உங்கள் அந்த அம்மா முகம் பார்க்காமல் போனதற்குக் காரணம் எனக்குத் தெரியும். நாங்கள் கேட்டதும் காசு கொடுத்துவிடுவீர்கள், சரி. ஆனால் எட்டு வருஷம் வேலை செய்தவள் ஒரு ராத்திரிக் கூலிக்கு வாயைத் திறந்து கேட்க வேண்டியிருந்தது. நாலு பேர் முன்னாடி. பின்னாடியே மூன்று பேர் வந்து கேட்டபோது அவளும் அந்த வரிசையில் ஒருத்தி ஆகிவிட்டாள். அவள் நின்றது நிஜம் என்று நிரூபிக்க அவள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நோட்டு சூப்பர்வைசர் கையில். நாளைக்கு மெஷின் வந்தால் அது கம்ப்யூட்டரில், ஆபீஸ் ரூமுக்குள். எங்களுக்கு என்ன மாறப்போகிறது?

எந்த மெஷின் வேண்டுமானாலும் வாங்குங்கள். வாரம் முடியும்போது எங்கள் கையில் ஒரு சீட்டு வரணும். திங்கள் இத்தனை மணிக்கு உள்ளே, இத்தனை மணிக்கு வெளியே என்று எழுதி. காசு வாங்குகிறதுக்கு முந்தின நாளே வரணும், அப்போதுதான் தப்பு இருந்தால் சொல்ல முடியும்.

மில்காரர்_சிங்காநல்லூர்
தையல்காரி அம்மா சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எனக்கு வயது 68. கோவையில் மில் சங்கு ஊதித்தான் ஊரே விடிந்த காலம். ரேடியோ இல்லாத வீட்டிலும் சங்கு கேட்டு மணி சொல்வார்கள்.

மில் வாசலில் டைம் ஆபீஸ். சுவரில் பலகை, பலகையில் ஆணி, ஆணியில் ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன், அதில் நம்பர். உள்ளே போகும்போது டோக்கனை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். பலகையில் தொங்குகிற டோக்கன் எல்லாம் ஆப்சென்ட்.

நான் அப்போது பதிலி. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் எனக்கு வேலை. தினமும் கேட்டில் போய் நிற்போம், கூப்பிட்டால் உள்ளே, இல்லாவிட்டால் வீட்டுக்கு. 1981-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்திருந்தால் நிரந்தரமாக்க வேண்டும். எங்களுக்கு அது உயிர். நாள் கணக்குத்தான் வாழ்க்கை.

1986-இல் என் 24 மாதம் முடிந்தது. டைம் ஆபீஸில் கேட்டால் 461 நாள் என்றார்கள். பத்தொன்பது நாள் குறைகிறதாம். எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி எழுந்து போய்ச் சுவரில் இருந்த மாதக் காலண்டரையும், ஆணியில் அதற்கு அடியில் மாட்டியிருந்த பழைய காலண்டர்களையும் எடுத்து வந்தாள். பால் கணக்குக்காகத் தேதிக்கட்டத்தில் அரை, ஒன்று என்று எழுதுவாள் அல்லவா, அதன் பக்கத்திலேயே நான் வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் 'ப', 'அ', 'மு' என்று எழுதி வைத்திருந்தாள். பகல், அரை நைட், முழு நைட். அவளுக்குச் சட்டம் தெரியாது. நான் எந்த நேரத்துக்கு வருவேன், எப்போது உலை வைக்க வேண்டும் என்பதற்காக எழுதியது. இருவரும் விடியவிடிய எண்ணினோம். 483.

சங்கத்து ஆட்கள் அந்தக் காலண்டர்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னோடு டைம் ஆபீஸுக்கு வந்தார்கள். கட்டம் கட்டமாக ஒத்துப் பார்த்தார்கள். நான் வேறு டிபார்ட்மெண்டுக்கு அனுப்பப்பட்ட நாட்கள் அங்குள்ள ரிஜிஸ்டரில் ஏறியிருந்தன, பதிலி ரிஜிஸ்டரில் ஏறவில்லை. வேண்டுமென்று செய்தார்களா, கவனக்குறைவா, எனக்குத் தெரியாது. நான் நிரந்தரமானேன். என்னோடு கேட்டில் நின்ற இரண்டு பேருக்கு வீட்டில் அப்படி எழுதி வைக்க ஆள் இல்லை. அவர்கள் அடுத்த வருடம்தான் ஆனார்கள். ஒருவருக்குக் கடைசிவரை ஆகவில்லை, மில்லை மூடிவிட்டார்கள்.

ஆகவே முதலாளித் தம்பி, கணக்கு இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

உழைப்பவன்
ஐயா, இதைச் சங்கத்துப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

நேரத்துக்கும் தமிழ்நாட்டுத் தொழிற்சங்கத்துக்கும் உறவு ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பெரம்பூர்ப் பக்கத்து பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள்தான் அதன் அடித்தளம். செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. எல்லோரும் முன்னின்றார்கள். வாடியா முதலில் கையில் எடுத்தவற்றில் ஒன்று மதிய இடைவேளை. கொடுத்த அரை மணி நேரத்தில் கை கழுவி, சோறு தின்று, திரும்ப முடியவில்லை என்பதுதான் குறை. 2023-லும் அதே கதை. ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழி விடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லாச் சங்கங்களும் எதிர்த்தோம். மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார்.

காஜா_பட்டன்
தையல்காரி அக்கா, நீங்கள் சொன்னது சரி. நான் காத்திருக்கும் நேரத்தை யோசிக்கவில்லை.

வீட்டிலிருந்து_வேலை
நான் சென்னையில் மென்பொருள் வேலை. இங்கே வேறு மாதிரி பிரச்சினை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்களுக்கு இரண்டு கணக்கு. ஒன்று டைம்ஷீட், அதை நாங்களே நிரப்ப வேண்டும். எட்டு மணிக்கு மேல் போட்டால் அது ஏற்காது, சிவப்புக் கட்டம் காட்டும். போன மாதம் ரிலீஸ் வாரத்தில் தினமும் பதினொரு மணி நேரம் வேலை செய்தேன். டைம்ஷீட்டில் ஐந்து எட்டு, நாற்பது. அந்த வாரம் நான் செய்த மிச்சப் பதினைந்து மணி நேரம் உலகத்தில் எந்தப் பதிவிலும் இல்லை.

இன்னொன்று லேப்டாப்பில் போட்டிருக்கும் கண்காணிப்பு மென்பொருள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் எடுக்கும், மவுஸ் அசையவில்லையென்றால் 'ஐடில்' என்று குறிக்கும். ஒரு சிக்கலான பிழையைக் கண்டுபிடிக்க நான் நோட்டில் பென்சிலால் படம் போட்டு முக்கால் மணி நேரம் யோசித்தேன். பிழை கிடைத்தது. அன்று என் அறிக்கையில் 45 நிமிடம் ஐடில். மேனேஜர் கேட்டார். நோட்டைக் கேமராவில் காட்டினேன். காட்டும்போது தொண்டை அடைத்தது. முப்பத்தைந்து வயதில், வீட்டுப்பாடம் செய்ததைக் காட்டுகிற பையன் மாதிரி.

எத்தனை மணி நேரம் உழைத்தேன் என்று எழுதுவது ஒன்று. அந்த நேரத்துக்குள் என்ன செய்தேன் என்று தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது வேறொன்று. முதலாவது என்னைக் காக்கும், இரண்டாவது என்னைக் கரைக்கும். இங்கே இரண்டாவது நடக்கிறது, முதலாவது நடக்கவில்லை. ஓவர்லாக் அண்ணா, கேட்டில் மெஷின் வையுங்கள். பவர் டேபிளுக்கு மேலே யார் எத்தனை முறை எழுந்தார்கள் என்று பார்க்க எதுவும் வைக்காதீர்கள்.

தையல்காரி
பாத்ரூம் போனால் நேரம் எழுதுகிற கம்பெனியில் நானும் இருந்திருக்கிறேன் தம்பி. தண்ணீர் குடிக்கிறதைக் குறைத்துக்கொள்வோம். வேற என்ன செய்வது? பெண்களுக்கு அதில் வருகிற வியாதி பெண்களுக்குத்தான் தெரியும்.

ஷ்டுட்கார்ட்_தமிழன்
ஜெர்மனியில் இருப்பதால் இங்குள்ள நிலைமை. 2019 மே 14 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு ஸ்பெயின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொருவரும் தினமும் எத்தனை நேரம் வேலை செய்கிறார் என்பதை அளக்க நம்பகமான ஒரு முறையை நிறுவனமே வைத்திருக்க வேண்டும் என்றது. வழக்குப் போட்டது தொழிற்சங்கம். பதிவு இல்லையென்றால் மிகைநேரத்தைத் தொழிலாளி நிரூபிக்கவே முடியாது என்பது அவர்கள் வாதம். 2022 செப்டம்பரில் ஜெர்மனியின் உச்ச தொழிலாளர் நீதிமன்றமும் பதிவு வைப்பது நிறுவனத்தின் கடமை என்று சொல்லிவிட்டது. நான் என் கணக்கை எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். கூடுதல் நேரம் சேர்ந்தால் விடுப்பாக எடுக்கலாம். ஊரில் நேரம் பதிவது என்றாலே முதலாளியின் ஆயுதம் என்று நினைத்திருந்தேன். இங்கே அதைக் கேட்டு வாங்கியது தொழிலாளர்கள்.

நூல்கண்டு
ஒரு சந்தேகம். ரேகை, முகம் எல்லாம் கொடுக்கிறோம். வேலையை விட்டுப் போன பிறகு அது என்ன ஆகும்?

டைம்கீப்பர்_ஈரோடு
நல்ல கேள்வி. பெரும்பாலான மெஷின்கள் ரேகையின் படத்தை வைத்துக்கொள்வதில்லை, அதன் கோடுகள் பிரிகிற, முடிகிற புள்ளிகளை எண்களாக மாற்றி வைக்கும். இருந்தாலும் அது உங்களுடையதுதான், மாற்ற முடியாதது. கார்டு தொலைந்தால் வேறு கார்டு தரலாம், விரல் தர முடியாது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. வேலை சம்பந்தப்பட்ட தேவைக்கு ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள அதில் இடம் விட்டிருக்கிறார்கள், அதனால் கம்பெனிக்காரரின் மனசாட்சிதான் பாதி. நான் செய்வது: ஆள் கணக்கு முடிக்கும் அன்றே அவர் எதிரிலேயே மெஷினில் அவர் நம்பரை அழிக்கிறேன். இரண்டு நிமிட வேலை.

தையல்காரி
இன்னொன்றை மறந்துவிட்டேன், இது ரொம்ப முக்கியம். தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.

என்னோடு ஒரே லைனில் செக்கிங் பார்த்த பொண்ணு. கான்ட்ராக்ட்காரர் மூலமாக வந்தவள். வயிற்றில் ஏழு மாசம் வரைக்கும் வேலை செய்தாள். பிரசவத்துக்கு ஈ.எஸ்.ஐ. பணம் கேட்கப் போனபோது நாள் போதாது என்றார்கள். முந்தைய இரண்டு சந்தாக் காலத்தில் 70 நாள் இருக்கணும். அவள் 70 நாளை எப்போதோ தாண்டிவிட்டாள், எனக்குத் தெரியும், அவள் வராவிட்டால் அவள் டேபிளும் நான்தான் பார்ப்பேன். கான்ட்ராக்ட்காரர் மாசத்துக்கு ஐந்து, ஆறு நாள் மட்டும் கணக்குக் காட்டி அதற்கு மட்டும் பணம் கட்டியிருக்கிறார். கம்பெனி ரிஜிஸ்டரில் அவள் பெயரே இல்லை. 26 வாரச் சம்பளம் போச்சு. குழந்தை பிறந்து இரண்டாவது மாசமே தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலைக்கு வந்தாள்.

உங்கள் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்கள் இருந்தால் அவர்களும் அதே மெஷினில், அதே சீட்டில் வரணும் அண்ணா. வடக்கத்திப் பிள்ளைகளும்.

உழைப்பவன்
நோய்க்கால உதவிக்கு ஒரு சந்தாக் காலத்தில் 78 நாள். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று. பணிக்கொடைக்கும் விடுப்புக்கும் நாள் கணக்கு வேண்டும். நோட்டில் விட்டுப்போகிற ஒரு கோடு ஐந்து இடத்தில் போய் இடிக்கும்.

ஓவர்லாக்
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் மனைவியோடு உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன்.

முகம் பார்க்கும் மெஷின் வாங்கினேன். கேட்டில் மட்டும்தான். லேட் கட் செட்டிங்கை எடுக்கச் சொல்லிவிட்டேன், நிமிடக் கணக்குத்தான், ஐந்து நிமிடம் வரை அதுவும் இல்லை. என்னிடம் கான்ட்ராக்ட் ஆட்கள் ஒன்பது பேர், அவர்களையும் ஏற்றியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் ஆளுக்கு ஒரு சீட்டு. தமிழிலும் இந்தியிலும் அடிக்கிறேன், ஒடியாவில் அடிக்க ஒரு பையன் உதவுகிறான். தப்பு இருந்தால் மாலைக்குள் சொல்ல வேண்டும். நானும் சூப்பர்வைசரும் தொழிலாளர் பக்கம் இருவரும் சேர்ந்து பார்த்து, திருத்தியவர் கையெழுத்தோடு திருத்துகிறோம். முதல் வாரம் 17 திருத்தம். போன வாரம் 3.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. மணிக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதத்தைப் பார்த்தேன். 11 ராத்திரி நின்றிருக்கிறோம். தையல்காரி அக்கா சொன்னது மண்டையில் இருந்ததால், அந்த 11 நாளும் பண்டல் எத்தனை மணிக்கு டேபிளுக்குப் போனது என்று கட்டிங் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எட்டு நாள் பதினொரு மணிக்கு மேல்தான் போயிருக்கிறது. காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமலிருக்க அழுத்தி எடுக்கும் வேலை) முடிந்து துணி வருவது காலை பத்து மணிக்கு. நான்தான் வண்டியைக் காலையில் அனுப்பிக்கொண்டிருந்தேன், சாயங்காலம் வாடகை கூட என்று. வண்டி வாடகையில் மிச்சம் பிடிக்க 40 பேரை ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார வைத்திருக்கிறேன். இது இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் இருந்தது என்பதை இப்போதும் ஜீரணிக்க முடியவில்லை.

இப்போது முந்தின நாள் மாலையே துணி வந்துவிடுகிறது. கடந்த இரண்டு வாரத்தில் இரவு வேலை இரண்டே நாள். அந்த இரண்டு நாளுக்கும் இரட்டைக் கூலி கொடுத்தேன். தொடர்ந்து கொடுக்க முடியுமா என்று பயம் இருக்கிறது. அடுத்த ஆர்டர் விலை பேசும்போது அதைச் சேர்த்துத்தான் பேசப் போகிறேன். கிடைக்காவிட்டால் அந்த ஆர்டர் வேண்டாம் என்று முடிவு.

தையல்காரி
அண்ணா, ராத்திரி வேலை குறைந்தால் கூலியும் குறையும். அதை நம்பி வட்டி கட்டுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் பேசினீர்களா?

ஓவர்லாக்
பேசினேன். ஐந்தாறு பேர் முகம் சுருங்கித்தான் இருந்தது. ஷிப்ட் கூலியைத் தீபாவளிக்குப் பிறகு ஏற்ற வேண்டியதை இந்த மாதமே ஏற்றினேன். அது முழுதாக ஈடுகட்டாது, தெரியும். இரண்டு பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள், அங்கே தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது. அவர்களைத் தடுக்க என்னிடம் வார்த்தை இல்லை.

மில்காரர்_சிங்காநல்லூர்
நீங்கள் முதலில் எழுதிய அந்த பேட்லாக் அம்மா எப்படி இருக்கிறார் தம்பி?

ஓவர்லாக்
இருக்கிறார் ஐயா. மெஷினுக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் மாட்டியிருக்கிறேன். இன்று காலை அவர்தான் ஆபீஸ் ரூமுக்கு வந்து சொன்னார், சுவர்க் கடிகாரம் மெஷினைவிட மூன்று நிமிஷம் பின்னாடி ஓடுகிறது, யாராவது அதை நம்பி டீ குடிச்சுட்டு நிக்கப் போறாங்க, பாருங்க என்று. பேட்டரி வாங்க ஆள் அனுப்பியிருக்கிறேன்.